ரீல் விடக் கற்றுக்கொண்டோம்

'ரீல்' என்றால் இன்று நமக்கு அரை நிமிடக் காணொளி. கட்டைவிரலால் தள்ளிவிட்டால் அடுத்தது வந்து நிற்கும். நம் தாத்தா பாட்டி காலத்தில் ஒரு ரீல் என்பது 1,000 அடி நீளமுள்ள படச்சுருள். திரையரங்கில் அது ஓடி முடிய 11 நிமிடம் ஆகும். படம் எவ்வளவு பெரியது என்பதை மணிக்கணக்கில் சொல்லாமல் 'பதினாறு ரீல் படம்' என்று ரீல் கணக்கில் சொன்ன காலம் அது. நாம் கதை அளந்தால் "ரொம்ப ரீல் விடாத" என்று அம்மா அதட்டுவதும், அலட்டிக்கொள்பவனைப் பார்த்து "படம் காட்டுறான்" என்று நண்பர்கள் சிரிப்பதும் அந்தக் கொட்டகையிலிருந்து வந்த பேச்சுதான். பேச்சு நம்மிடம் தங்கிவிட்டது. ரீலை உண்மையிலேயே 'விடத்' தெரிந்தவர்கள்தாம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு பழைய 16 மி.மீ. புரொஜெக்டர் கிடைத்தது. ஒரு பள்ளியின் ஸ்டோர் அறையைக் காலி செய்தபோது வெளியே வந்த பொருள். கூடவே இரண்டு தகர டப்பாக்களில் படச்சுருள்கள். மோட்டார் ஓடியது, விளக்கு எரிந்தது, ரப்பர் பெல்ட்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் பிலிமை எந்த வழியாக உள்ளே விட்டு எந்த வழியாக வெளியே எடுப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கழக உறுப்பினர் ஒருவரின் தாத்தா வழியாக, பேராக்கில் ஒரு சிறுபட்டணத் திரையரங்கில் 1970களிலிருந்து ஆபரேட்டராக வேலை செய்த ஒருவரைக் கண்டுபிடித்தோம். எழுபதைத் தாண்டியவர். மூன்று சனிக்கிழமைகள் வந்து சொல்லிக்கொடுத்தார். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதும்மா, ஆனா பேப்பர்ல பேரெல்லாம் வேணாம். படம் ஓட்டுனவன் பேரு எந்தப் படத்துலயும் வராது" என்றார். அதனால் இந்தக் கட்டுரையிலும் அவர் வெறும் 'அங்கிள்'தான்.

நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும்

ஒரு பிலிம் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னப் புகைப்படங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பிரேம். வினாடிக்கு 24 பிரேம் என்பது பேசும் படங்கள் வந்த காலத்திலிருந்து நிலைத்துவிட்ட கணக்கு. அப்படியானால் இரண்டு மணி நேரப் படத்தில் 172,800 பிரேம்கள். திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள் என்பதால் அந்தப் படத்தின் நீளம் 10,800 அடி, அதாவது மூன்றே கால் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்.

இந்தச் சுருளை விளக்குக்கு முன்னால் ஒரே சீராக இழுத்துக்கொண்டே போனால் திரையில் என்ன தெரியும்? மேலிருந்து கீழே வழியும் ஒரு மங்கல் மட்டுமே. படம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமும் விளக்குக்கு நேரே வந்து அசையாமல் நிற்க வேண்டும். அது விலகி, அடுத்த பிரேம் அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் வந்து நிற்க வேண்டும். வினாடிக்கு 24 முறை.

திரையரங்கு இயந்திரங்கள் இதைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு பள்ளங்கள் வெட்டிய சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று. அதன் பக்கத்தில் ஒரே ஒரு முளை வைத்த இன்னொரு சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். முளை ஒரு பள்ளத்துக்குள் நுழைந்து, சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். மீதி முக்கால் சுற்றுக்குச் சிலுவை அசையாது. சிலுவையின் அச்சில் 16 பற்கள் கொண்ட பல்சக்கரம் இருக்கிறது. கால் சுற்று என்றால் 4 பற்கள். 35 மி.மீ. பிலிமின் ஓரத்தில் ஒரு பிரேமுக்கு 4 துளைகள். கணக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! ஒரு பிரேம் நகர்வதற்கு ஆகும் நேரம் வினாடியில் 96இல் ஒரு பங்கு. நிற்கும் நேரம் 32இல் ஒரு பங்கு. எஸ்.டி.பி.எம். இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் ஒரு தாளை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கடிகாரத்தின் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முறுக்கிவிடாமல் தடுப்பதற்காக ஜெனிவா நகரத்துக் கடிகாரத் தொழிலாளர்கள் வைத்திருந்த ஏற்பாடு இது. பிறகு சினிமாவுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் 16 மி.மீ. இயந்திரத்தில் சிலுவை கிடையாது. பூனை நகம் போன்ற சிறிய கொக்கி ஒன்று துளைக்குள் நுழையும், பிலிமை ஒரு பிரேம் அளவு கீழே இழுக்கும், வெளியே வரும், மேலே போகும், மறுபடி நுழையும். 1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய லூமியேர் சகோதரர்களின் இயந்திரமும் இந்தக் கொக்கி வகைதான். துணியை விட்டு விட்டு நகர்த்தும் தையல் இயந்திரத்தைப் பார்த்துத்தான் லூயி லூமியேருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள்.

பிலிம் நகரும்போது வெளிச்சத்தை மறைப்பது ஷட்டரின் வேலை. சுழலும் தகட்டில் இரண்டு இறக்கைகள் இருக்கும். ஒன்று பிலிம் நகரும்போது மறைக்கும். மற்றது, பிரேம் அசையாமல் நிற்கும்போதே நடுவில் ஒரு முறை மறைக்கும். எதற்கு இந்த இரண்டாவது மறைப்பு? வினாடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் விழுந்தால் திரை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரே பிரேமை இரண்டு முறை காட்டினால் துடிப்பு 48 ஆகிறது, கண் ஏமாந்துவிடுகிறது. ஆக, பிலிம் காலத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் கிட்டத்தட்ட பாதி நேரம் இருண்ட திரையைத்தான் பார்த்திருக்கிறார்கள். இதை அங்கிளிடம் சொன்னபோது, "அப்ப பாதிக் காசத் திருப்பிக் கேப்பாங்க, வெளிய சொல்லாதம்மா" என்றார்.

தொய்வு

இப்போது சிக்கலுக்கு வருவோம். பிலிமைக் கொடுக்கும் ரீல் நிற்காமல் சுற்றுகிறது. வாங்கிக்கொள்ளும் ரீலும் நிற்காமல் சுற்றுகிறது. நடுவில் மட்டும் பிலிம் வினாடிக்கு 24 முறை நின்று நின்று போகிறது. ஓடுவதையும் நிற்பதையும் ஒரே துண்டு பிலிமில் எப்படி இணைப்பது? கனத்த ரீலைக் கொக்கியால் நேராக வெட்டி வெட்டி இழுத்தால் துளைகள் கிழியும், அல்லது பிலிமே அறுந்துபோகும். சினிமாவின் ஆரம்ப நாள்களில் படங்கள் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1895இல் நியூயார்க்கில் உட்வில் லேத்தம் என்பவரும் அவருடைய மகன்களும் குத்துச்சண்டையைப் படம் பிடித்துத் திரையில் காட்டிச் சம்பாதிக்க நினைத்தார்கள். குத்துச்சண்டை ஒரு நிமிடத்தில் முடிகிற காரியமா? நீளமான சுருள் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கையாண்ட தீர்வு, படம் தெரியும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் பிலிமைச் சற்றுத் தொய்வாக வளைத்து விட்டுவிடுவது. மேலே ஒரு பல்சக்கரம் ரீலிலிருந்து சீராக இழுத்து அந்தத் தொய்வில் சேர்த்துக்கொண்டே இருக்கும். கொக்கி இழுக்கும்போது கனத்த ரீலை இழுக்காது, கையளவு தொய்வை மட்டுமே இழுக்கும். கீழேயும் அப்படித்தான். 'லேத்தம் லூப்' என்று இன்றும் அதற்குப் பெயர். கண்டுபிடித்தது லேத்தம் குடும்பமா, அவர்களிடம் வேலை பார்த்த யூஜின் லோஸ்தா என்ற வாக்குவாதமும் தொடர்கிறது. பெயர் யாருடையதாக இருந்தாலும், அதன்பின் வந்த புரொஜெக்டர்களில் இந்த இரண்டு வளைவுகளும் நிலைத்துவிட்டன. மோட்டார், விளக்கு, லென்ஸ் எல்லாம் தொழிற்சாலையில் செய்தவை. இந்த இரண்டு வளைவுகளை மட்டும், ஒவ்வொரு முறை படம் ஏற்றும்போதும், ஆபரேட்டர் தன் விரலால் செய்ய வேண்டும்.

"லூப் எங்க?" என்பதுதான் மூன்று சனிக்கிழமைகளிலும் அங்கிள் எங்களிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி.

விரல் வேலை

முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வரை அவர் பிலிமைத் தொடவே விடவில்லை. மெல்லிய தூரிகையால் கேட்டைத் துடைக்கச் சொன்னார். கேட் என்பது பிலிம் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும் குறுகிய இடம். ஒரு பிரேம் அகலம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதைத் திரையில் இரண்டு மூன்று மீட்டராகப் பெரிதாக்குகிறோம். கேட்டில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் கதாநாயகி முகத்தில் கயிறு ஆடும். தூசிக்கு முனை கூர்மையாக இருந்தால் படம் முழுக்க, ஆயிரக்கணக்கான அடிக்கு, ஒரே கோடாகக் கீறிக்கொண்டு போகும். பழைய படங்களில் 'மழை பெய்கிறதே', அந்தக் கோடுகளில் பல இப்படி வந்தவைதாம்.

அடுத்தது ரீலை மாட்டுவது. லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும் என்பதால் பிலிம் தலைகீழாகப் போக வேண்டும். 16 மி.மீ. ஒலிப்படங்களில் ஓர் ஓரத்தில் மட்டுமே துளைகள் இருக்கும். மறு ஓரம் முழுக்க ஒலித்தடம். ஓரம் மாறிப்போனால், பல்சக்கரத்தின் பற்கள் பேச்சும் பாட்டும் பதிந்திருக்கும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போகும். அதனால் விளக்குக்கு நேராக ஒரு முறை தூக்கிப் பார்க்காமல் அங்கிள் எந்தச் சுருளையும் ஏற்றுவதில்லை. காலி ரீலும் முழு ரீலுக்குச் சமமான அளவில் இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் மிச்சப் படம் தரையில் வந்து விழும்.

இனிக் கோர்ப்பது. முன்பக்கம் 'லீடர்' என்ற வெற்றுப் பிலிம் சில அடிகள் இருக்கும். விரல் படுவதற்கென்றே ஒட்டிய பகுதி அது. அதை முதல் பல்சக்கரத்தின் மேல் வைத்து, துளைகள் பற்களில் உட்கார்ந்ததை விரல் நுனியால் உணர்ந்தபின் மூடியை அழுத்த வேண்டும். பிறகு மேல் லூப். இயந்திரத்தின் உடம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், வளைவு அந்தக் கோடு வரை போகலாம். கேட்டைத் திறந்து பிலிமைப் பள்ளத்தில் படுக்கவைத்து மூட வேண்டும். அதன்பின் கீழ் லூப். பிறகு ஒலி படிக்கும் உருளையைச் சுற்றி இறுக்கமாக ஒரு வளைவு, மறுபடி பல்சக்கரம், கடைசியில் வாங்கும் ரீலின் பிளவில் நுனியைச் செருகி இரண்டு சுற்று.

எழுதும்போது ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. எங்களுக்கு முதல் முறை இருபது நிமிடம் ஆனது. அங்கிள் அரை நிமிடத்தில் முடித்தார், அதுவும் எங்களோடு பேசிக்கொண்டே. என் பாட்டி மல்லிகை தொடுக்கும்போது பூவைப் பார்க்கவே மாட்டார். அங்கிளின் விரல்களைப் பார்த்தபோது அந்த நினைப்புதான் வந்தது.

கோர்த்து முடித்ததும் சுவிட்சைப் போடக்கூடாது. பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது, அதைக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். கொக்கி துளைக்குள் நுழைவதும், மேல் லூப் குறைந்து நிமிர்வதும், கீழ் லூப் புடைத்து அடங்குவதும் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாறு பிரேம்கள் போன பிறகும் இரண்டு வளைவுகளும் முன்பிருந்த அளவிலேயே இருந்தால் சரியாகக் கோர்த்திருக்கிறோம் என்று பொருள். அதன் பிறகு மோட்டார். மோட்டார் வேகம் பிடித்த பின்புதான் விளக்கு. வரிசை மாறி, நின்றுகொண்டிருக்கும் பிலிமின் மீது முழு வெளிச்சம் விழுந்தால் அந்த பிரேம் சூட்டில் உருகும். திரையில் நடுவிலிருந்து பழுப்பாக ஒரு குமிழ் விரிவதைப் பழைய படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது சனிக்கிழமை அங்கிள் வேண்டுமென்றே கீழ் லூப்பைச் சிறிதாக்கி, தேவையில்லாத ஒரு வெற்றுச் சுருளை ஓட்டிக் காட்டினார். சத்தம் மாறியது. அதுவரை தையல் இயந்திரம் போல் சீராக இருந்த ஓசை, தகரத்தில் குச்சியால் தட்டுவது போலானது. சில வினாடிகள்தாம். நிறுத்தி எடுத்துப் பார்த்தபோது துளைகளின் ஓரங்கள் நசுங்கியிருந்தன. "கண்ணு திரையில இருக்கட்டும், காது மெஷின்ல இருக்கணும்" என்றார்.

உதடும் குரலும்

அந்தக் கீழ் லூப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இதை அறிந்தபோதுதான் எங்கள் கழகத்தின் பொறியியல் மாணவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பிலிமின் ஓரத்தில் ஒலி, அகன்றும் குறுகியும் போகும் வெள்ளை அலையாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு சிறு பல்பின் வெளிச்சம் மெல்லிய கோடாக அதன் வழியே விழுகிறது. அலை அகன்றால் அதிக வெளிச்சம், குறுகினால் குறைந்த வெளிச்சம். மறுபக்கம் இருக்கும் கருவி அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஆனால் ஒலியைப் படிக்க பிலிம் சீராக ஓட வேண்டும். கேட்டில் அது நின்று நின்று ஓடுகிறது. அங்கே வைத்துப் படித்தால் பாட்டு வெறும் உறுமலாகக் கேட்கும். ஆகவே ஒலியைப் படிக்கும் இடத்தைச் சற்றுத் தள்ளி, குலுக்கல் எல்லாம் அடங்கிய பிறகு வைத்தார்கள். அதற்கேற்ப, 16 மி.மீ. பிலிமில் ஒரு காட்சிக்குரிய ஒலி அந்தக் காட்சியைவிட 26 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். அதாவது கேட்டுக்கும் ஒலி உருளைக்கும் இடையே சரியாக 26 பிரேம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பிலிம் இருக்க வேண்டும். கீழ் லூப்பைப் பெரிதாக விட்டால் குரல் பின்தங்கும், சிறிதாக விட்டால் முந்தும். சிவாஜி வசனம் பேசி வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருந்தால், குற்றவாளி ஆபரேட்டரின் சுண்டுவிரல்!

கேபின் கதைகள்

திரையரங்கின் 35 மி.மீ. வேலை வேறு மாதிரி. அங்கே இரண்டு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு பெரிய ரீல் 2,000 அடி, ஏறக்குறைய 22 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஏழு ரீல்கள். ஒன்று முடியும் அதே வினாடியில் அடுத்த இயந்திரம் தொடங்க வேண்டும், பார்ப்பவர்களுக்குத் தெரியவும் கூடாது. அதற்கென்று படத்தின் மேல் வலது மூலையில் ஒரு பொட்டு வந்து மறையும். அதைக் கண்டதும் இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரை ஓட விட வேண்டும். ஏழு வினாடி கழித்து இன்னொரு பொட்டு. அப்போது ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். நானும் சின்ன வயதில் தொலைக்காட்சியில் பழைய படம் பார்க்கும்போது அந்தப் பொட்டைப் பார்த்திருக்கிறேன். பிலிமில் விழுந்த அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

அங்கிள் வேலைக்குச் சேர்ந்தபோது விளக்கு என்பது பல்பு இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து எரியும் வெண்ணொளி. குச்சிகள் எரிய எரியத் தேயும். இடைவெளி கூடினால் திரை மங்கும், அணைந்தும் போகும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். "மத்தியானக் காட்சிக்கு உள்ள போனா சட்டையக் கழட்டிருவோம். அவ்ளோ சூடு." ஒரே பிரதியை இரண்டு ஊர்த் திரையரங்குகள் பங்கிட்டுக்கொண்ட நாள்களும் உண்டாம். இங்கே ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊருக்கு எடுத்துப் போவார்கள். வழியில் மழை பிடித்தால் அந்த ஊர் ரசிகர்கள் நாற்காலியைத் தட்டுவார்கள். திட்டு மட்டும் ஆபரேட்டருக்கு. படம் நன்றாக ஓடும்வரை யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. படம் அறுந்தால் விசிலோடு சேர்ந்து "ஆபரேட்டர்!" என்று அரங்கமே கூப்பிடும்.

வெள்ளைத் துணிக்கு இரண்டு பக்கம்

அங்கிள் படம் ஓட்டக் கற்றது திரையரங்கில் அல்ல, தோட்டத்தில். 1923இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த 16 மி.மீ. பிலிம் முதலிலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத வகை. அன்றைய 35 மி.மீ. பிலிமோ நைட்ரேட் வகை. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. 1950களின் தொடக்கம்வரை அது புழக்கத்தில் இருந்தது. அதனால் பள்ளிக்கும் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் எடுத்துச் செல்ல 16 மி.மீ. ஏற்றதாக இருந்தது.

1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவு செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் எடுத்தது. மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் அவற்றுக்கு வர்ணனை சேர்த்தார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத்தின் படவண்டிகள் அவற்றைக் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோயின. அந்தப் படங்களின் நோக்கம் பிரசாரம்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மின்சாரமே சரியாக இல்லாத லயங்களில் ஜெனரேட்டரோடு வந்து நின்ற அந்த வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடியது பிரசாரத்துக்காக அல்ல.

பின்னாளில் தோட்டங்களில் தமிழ்ப் படங்களும் ஓடின. பதினைந்து வயதில் அங்கிள் ஒரு படக்காரருக்கு எடுபிடி. திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்களாம். முன்பக்கம் பாயில் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்வார்கள். அங்கே எல்லாம் இடவலமாக மாறித் தெரியும். "அந்தப் பக்கத்துல எம்.ஜி.ஆர். இடக்கையிலதான் கத்தி பிடிப்பாரு. யாரும் கண்டுக்க மாட்டாங்க." ஒரே இயந்திரம் என்பதால் ரீல் மாற்றும்போது படம் நிற்கும். 1,600 அடி ரீல் 16 மி.மீ.இல் 44 நிமிடம் ஓடும், ஒரு படத்துக்கு நான்கு ரீல். அந்த இடைவெளிகளில் கச்சாங் பூத்தே விற்பவருக்கு நல்ல வியாபாரம். எடுபிடியான அங்கிளுக்கு நேரம் பார்ப்பதும் ஒரு வேலை. கச்சாங் விற்பவர் இவரிடம், "தம்பி, கொஞ்சம் மெதுவா மாட்டு" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணிப்பாராம்.

இதை இப்போது எதற்குக் கற்க வேண்டும்?

நியாயமான கேள்வி, எங்கள் கழகத்திலேயே கேட்டார்கள். 2010களின் தொடக்கத்தில் உலகத் திரையரங்குகள் வேகமாக டிஜிட்டலுக்கு மாறின. திரையரங்குப் பிரதிகளுக்கான பிலிம் தயாரிப்பை ஃபூஜி நிறுவனம் 2013இல் நிறுத்தியது. ஆனால் இரண்டே ஆண்டு கழித்து, 2015இல், குவென்டின் டாரண்டினோ தம்முடைய 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தை 70 மி.மீ. பிலிமில் வெளியிட விரும்பியபோது, ஏறத்தாழ 100 அரங்குகளுக்குப் பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களையும் தேட வேண்டியிருந்தது. 2023இல் 'ஓப்பன்ஹைமர்' படத்தின் ஐமேக்ஸ் 70 மி.மீ. பிரதி ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளம், 270 கிலோ எடை. உலகம் முழுவதும் 30 அரங்குகளே அதைக் காட்டின. மலேசியாவில் ஒன்றுகூட இல்லை.

ஹாலிவுட்டை விடுங்கள், நமக்கு நெருக்கமான காரணம் வேறு. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' (1950) படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாக நாயகனாக நடித்தார். பி. என். ராவ் இயக்கி, 1957இல் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த 'பொந்தியானாக்' இன்று முழுப் படமாகக் கிடைப்பதில்லை. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படத் தொகுப்பைச் சிங்கப்பூரின் ஆசியத் திரைப்படக் காப்பகம் பாதுகாக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் அத்தொகுப்பு இடம்பெற்றது. இத்தகைய பழைய சுருள்களை டிஜிட்டலாக்க வேண்டுமானாலும் முதலில் ஒருவர் அதைக் கையில் எடுத்து, எந்த ஓரம், எந்தப் பக்கம், எத்தனை ஒட்டு, எவ்வளவு சுருக்கம் என்று பார்த்து, ஓர் இயந்திரத்தில் கோர்க்கத்தான் வேண்டும். பட்டன் அழுத்தத் தெரிந்தவருக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாது. நம் நாட்டில் ஊடகத் துறை படிப்பவர்கள் எத்தனையோ மென்பொருள்களைக் கற்கிறார்கள். ஒரு செமஸ்டரில் ஒரு நாள் பிலிமைத் தொட்டுப் பார்க்க வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பது என் கேள்வி.

இரண்டாவது டப்பா

எங்களுக்குக் கிடைத்த இரண்டு டப்பாக்களில் முதலாவதை இப்போது எங்களில் ஆறு பேர் தனியாக ஏற்றி ஓட்டுகிறோம். தவளையின் வாழ்க்கைச் சுற்று பற்றிய ஆங்கிலப் பாடப்படம், 11 நிமிடம். எத்தனை முறை பார்த்தோம் என்ற கணக்கே இல்லை.

இரண்டாவது டப்பாவின் மூடியில் பென்சிலால் 'தமிழ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன படம், எந்த ஆண்டு, வர்ணனை யாருடைய குரல், எதுவும் இல்லை. அதை ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. மூன்றாவது சனிக்கிழமை அங்கிள் மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தது. பிலிமின் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சிதையும்போது பிலிம் சுருங்கும். சுருங்கினால் துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் குறையும். பல்சக்கரத்தின் பற்களோ பழைய தூரத்திலேயே இருக்கும். ஒரு விழுக்காடு சுருங்கினாலே புரொஜெக்டரில் ஏற்றுவது ஆபத்து. பற்கள் ஒவ்வொரு துளையையும் கிழித்துக்கொண்டு போகும்.

அங்கிள் மேசையில் புதிய லீடர் ஒன்றை நீட்டி வைத்து 100 துளைகளை எண்ணி அடையாளமிட்டார். பக்கத்தில் அந்தச் சுருளின் நுனியை, முதல் துளையும் முதல் துளையும் பொருந்தும்படி படுக்கவைத்து, அதிலும் 100 எண்ணச் சொன்னார். மூன்று பேர் தனித்தனியாக எண்ணினோம். நூறாவது துளை, லீடரின் நூறாவது துளைக்கு ஒன்றரைத் துளை முன்னாலேயே முடிந்துவிட்டது. "இது மெஷின்ல ஏறாதும்மா" என்று மெதுவாகச் சுற்றி உள்ளே வைத்தார்.

பல்சக்கரமே இல்லாமல், உருளைகளால் மட்டும் பிலிமை நகர்த்திப் படியெடுக்கும் ஸ்கேனர்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அத்தகைய காப்பகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். அந்த ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுத்துவிடும் என்பதால், பதில் வரும்வரை இரண்டாவது டப்பா தவளைப் படத்தோடு இல்லாமல், குளிரூட்டிய வேறோர் அறையில் தனியாக இருக்கிறது.